ஹாமில்டன் அப்படியா சொன்னார்? அமெரிக்கத் துப்பாக்கி உரிமையும் 1788-ன் செய்தித்தாள் கட்டுரைகளும்

அமெரிக்காவில் துப்பாக்கி விவாதம் சூடுபிடிக்கும் போதெல்லாம் ஒரு மேற்கோள் தவறாமல் சுற்றிவரும். "மக்களைப் பொறுத்தவரை நாம் நம்பக்கூடிய மிகச் சிறந்த விஷயம், அவர்கள் முறையாக ஆயுதம் வைத்திருப்பதே." கீழே, அமெரிக்காவை நிறுவியவர்களில் ஒருவரான அலெக்சாண்டர் ஹாமில்டனின் பெயர். சில படங்களில் பத்து டாலர் நோட்டில் இருக்கும் அவருடைய முகமும் இருக்கும்.

ஹாமில்டன் ஏறக்குறைய அதே சொற்களை எழுதியிருக்கிறார், ஆனால் அந்தப் பொருளில் அல்ல. 1788-ல் ஒரு செய்தித்தாள் கட்டுரையில் அவர் எழுதியதன் சாரம் இது: நாட்டில் உள்ள எல்லா ஆண்களுக்கும் ராணுவப் பயிற்சி கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. ஒரு நாள், ஒரு வாரம் பயிற்சி போதாது. விவசாயியையும் மற்றவர்களையும் வேலையை விட்டுவிட்டு அடிக்கடி அணிவகுக்கச் சொன்னால் அது மக்களுக்குப் பெரிய உபத்திரவம், நாட்டு உற்பத்திக்கும் நஷ்டம். ஆகவே பொதுமக்கள் விஷயத்தில், அவர்களிடம் முறையான ஆயுதமும் தளவாடமும் இருக்கும்படி பார்த்துக்கொள்வதற்கு மேல் அதிகம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. அதுவும் விட்டுப்போகாமல் இருக்க, வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை அவர்களைக் கூட்டிச் சரிபார்க்க வேண்டும்.

பயிற்சிக்கு ஆகும் செலவைக் கணக்குப் பார்த்தவர், 'இதற்கு மேல் முடியாது, விடுங்கள்' என்று சொன்ன இடம் அது. அதை வெட்டி எடுத்து, லட்சிய வாசகமாக மாற்றிவிட்டார்கள். கூடவே இதையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நானும் வெட்டி ஒட்டுகிறவன் ஆகிவிடுவேன். அதே கட்டுரையில் கொஞ்சம் தள்ளி, அரசு எவ்வளவு பெரிய ராணுவம் வைத்தாலும், ஆயுதப் பழக்கத்தில் அதற்கு அதிகம் சளைக்காத குடிமக்கள் கூட்டம் ஒன்று தங்கள் உரிமையைக் காக்கத் தயாராக நிற்கும்வரை, அந்த ராணுவத்தால் மக்களின் சுதந்திரத்துக்கு ஆபத்து இல்லை என்றும் எழுதுகிறார். துப்பாக்கி உரிமைக்காரர்களுக்கு இந்த வரியே போதும். மற்றதை ஏன் திரித்தார்கள் என்று தெரியவில்லை.

சரி, இந்தக் கட்டுரைகள் எங்கிருந்து வந்தன?

1787 செப்டம்பர் 17 அன்று பிலடெல்பியாவில் புதிய அரசியலமைப்பில் கையெழுத்திட்டார்கள். ஆனால் 13 மாநிலங்களில் குறைந்தது 9 ஏற்றால்தான் அது நடைமுறைக்கு வரும். நியூயார்க்கில் எதிர்ப்பு பலமாக இருந்தது. அங்கே ஆதரவு திரட்டுவதற்காக ஹாமில்டன், ஜேம்ஸ் மேடிசன், ஜான் ஜே ஆகிய மூவரும் 'பப்ளியஸ்' என்ற ஒரே புனைபெயரில் செய்தித்தாள்களில் எழுத ஆரம்பித்தார்கள். முதல் கட்டுரை அக்டோபர் 27 அன்று வந்தது. மொத்தம் 85. ஹாமில்டன் மட்டும் 51 எழுதினார், மேடிசன் 29. உடல்நலம் கெட்டுப்போன ஜே 5-உடன் நிறுத்திக்கொண்டார். இவற்றைத்தான் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகள் என்கிறார்கள். இன்று அமெரிக்க உச்ச நீதிமன்றத் தீர்ப்புகளில் சாஸ்திர நூல் போல எடுத்துக்காட்டுகிறார்கள். அன்றைக்கு அவை பிரசாரக் கட்டுரைகள். இன்னும் பச்சையாகச் சொன்னால், ஓட்டுக் கேட்கும் எழுத்து. அந்த வேலையில் பெரிய வெற்றி என்றும் சொல்ல முடியாது. அரசியலமைப்பை ஏற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் நியூயார்க் மாநாட்டுக்கு நடந்த தேர்தலில் எதிர்த் தரப்புதான் பெரும்பான்மை பிடித்தது. வேறு 10 மாநிலங்கள் ஏற்றுவிட்ட பிறகு, 1788 ஜூலை 26 அன்று, 30-க்கு 27 என்ற வாக்கில்தான் நியூயார்க் இறங்கிவந்தது.

துப்பாக்கி விவாதத்தில் அடிக்கடி இழுக்கப்படுபவை இரண்டு: மேலே பார்த்த ஹாமில்டனின் 29-வது கட்டுரை, மேடிசனின் 46-வது கட்டுரை. இரண்டும் 1788 ஜனவரியில் வந்தவை. ஆயுத உரிமை பற்றிப் பேசும் இரண்டாவது திருத்தத்தின் முதல் வரைவை மேடிசன் நாடாளுமன்றத்தில் வைத்ததே 1789 ஜூன் 8 அன்றுதான். அதாவது இந்தக் கட்டுரைகள் எழுதப்பட்டபோது அந்தத் திருத்தம் பிறக்கவே இல்லை. அது மட்டுமல்ல, அந்தத் திருத்தம் பின்னால் இடம்பெற்ற, குடிமக்களின் உரிமைகளைப் பட்டியலிடும் உரிமைகள் சாசனமே தேவையில்லை என்பதுதான் பப்ளியஸின் கட்சி. 84-வது கட்டுரையில் ஹாமில்டன் அதற்காக வரிந்துகட்டிக்கொண்டு வாதாடுகிறார். செய்ய அதிகாரமே இல்லாத ஒன்றைச் செய்யக் கூடாது என்று எதற்கு எழுதிவைக்க வேண்டும் என்று கேட்கிறார்.

அப்படியென்றால் அவர்கள் எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தார்கள்? நிரந்தர ராணுவம் பற்றிய கேள்விக்கு.

அந்தத் தலைமுறைக்கு ராணுவம் என்றாலே ஒரு கசப்பு உண்டு. 1770-ல் பாஸ்டன் தெருவில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் கூட்டத்தின் மீது சுட்டு ஐந்து பேர் இறந்தார்கள். 1775 ஏப்ரலில் கான்கார்டு ஊரில் குடியேற்றவாசிகள் சேர்த்துவைத்திருந்த ஆயுதங்களைப் பறிக்கப் போன பிரிட்டிஷ் படையோடு நடந்த மோதலில்தான் விடுதலைப் போரே தொடங்கியது. சமாதான காலத்திலும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கும் படை, ஆள்பவரின் கையில் இருக்கும் தடி என்பது அவர்கள் பட்டறிவு. அதற்கு மாற்றாக அவர்கள் நம்பியது மிலிஷியா. ஊரில் உள்ள உடல் தகுதியுள்ள ஆண்கள், தேவைப்படும்போது சொந்தத் துப்பாக்கியோடு வந்து நிற்கும் படை. முடிந்ததும் வயலுக்குத் திரும்பிவிடுவார்கள்.

புதிய அரசியலமைப்போ இரண்டையும் மத்திய அரசிடம் கொடுத்தது. ராணுவம் திரட்டலாம், மிலிஷியாவை ஒழுங்கமைக்கலாம், ஆயுதம் தரலாம், கலகத்தை அடக்க அழைக்கலாம். அதிகாரிகளை நியமிப்பதும் பயிற்சி கொடுப்பதும் மட்டும் மாநிலங்களுக்கு. எதிர்த் தரப்பு பொங்கியதில் ஆச்சரியம் இல்லை. 'மிலிஷியாவுக்கு ஆயுதம் கொடுக்கும் அதிகாரத்தை வாங்கிக்கொண்டு, கொடுக்காமலே விட்டுவிட்டால்?' என்பது அவர்கள் பயம். வர்ஜீனியாவில் இதற்கு இன்னொரு இருண்ட பக்கமும் இருந்தது. அடிமைகள் கிளர்ந்தெழுந்தால் மத்திய அரசைக் கேட்காமல் மிலிஷியாவை அனுப்ப முடியாதே என்று, புதிய அரசியலமைப்பை எதிர்த்த பேட்ரிக் ஹென்றி 1788 ஜூனில் அங்கே நடந்த மாநாட்டில் வெளிப்படையாகவே பேசினார். சுதந்திரம் பற்றிய அந்தக் காலப் பேச்சைப் படிக்கும்போது இதை மறந்துவிடக் கூடாது.

ஹென்றியின் பெயரிலும் ஒரு வரி சுற்றுகிறது: "ஒவ்வொருவரும் ஆயுதம் வைத்திருப்பதே பெரிய நோக்கம்." இதை அவர் சொன்னது உண்மை. ஆனால் அடுத்த மூச்சில் அவர் கேட்டது, மாநிலமும் மத்திய அரசும் ஆளுக்கொரு செட் ஆயுதம் கொடுத்தால் இரட்டைச் செலவை மக்கள் தாங்குவார்களா என்று. மிலிஷியாவுக்கு ஆயுதம் கொடுப்பது யார் பொறுப்பு என்ற சண்டையில் வந்த வாக்கியம் அது.

இனி 46-வது கட்டுரைக்கு வருவோம். என் கணக்கில் இதுதான் முக்கியமானது. மேடிசன் இங்கே ஒரு கூட்டல் கழித்தல் போடுகிறார். மத்திய அரசு கெட்டுப்போய், மக்களை நசுக்க ஒரு ராணுவம் திரட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம் என்கிறார். எவ்வளவு பெரிய ராணுவம் திரட்ட முடியும்? எந்த நாடும் தன் மக்கள்தொகையில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல், ஆயுதம் தாங்கக்கூடியவர்களில் இருபத்தைந்தில் ஒரு பங்குக்கு மேல் தாங்காது. அமெரிக்காவில் அது இருபத்தைந்தாயிரம் முப்பதாயிரம் பேர். அவர்களுக்கு எதிரே, கையில் ஆயுதத்தோடு ஏறக்குறைய ஐந்து லட்சம் குடிமக்கள் கொண்ட மிலிஷியா நிற்கும். அப்படிப்பட்ட மிலிஷியாவை அவ்வளவு சின்ன ராணுவம் ஜெயிக்குமா என்பதே சந்தேகம்.

'ஐந்து லட்சம் பேர், கையில் ஆயுதத்தோடு' என்ற இந்த இடத்தைத்தான் எல்லாரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் அந்த வாக்கியம் அங்கே முடியவில்லை. அந்த ஐந்து லட்சம் பேருக்கு அதிகாரிகள் அவர்களுக்குள்ளிருந்தே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவர்களை ஒன்றுசேர்த்து நடத்துவது அவர்களுடைய அன்பையும் நம்பிக்கையையும் பெற்ற அரசுகள். அதாவது மாநில அரசுகள். தொடர்ந்து ஐரோப்பாவோடு ஒப்பிடுகிறார். அங்கே அரசுகள் மக்களிடம் ஆயுதத்தை நம்பிக் கொடுக்கப் பயப்படுகின்றன. ஆயுதம் மட்டும் கிடைத்தால் அந்த மக்கள் தங்கள் நுகத்தடியை உதறிவிட மாட்டார்கள் என்று உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஆயுதத்தோடு, தாங்களே தேர்ந்தெடுத்த உள்ளூர் அரசுகளும் இருந்துவிட்டால், ஐரோப்பாவின் ஒவ்வொரு கொடுங்கோலனின் அரியணையும் சீக்கிரமே கவிழ்ந்துவிடும்.

ஆக, இரண்டு தரப்புக்கும் இதில் சங்கடம் இருக்கிறது. தனிமனிதனின் ஆயுதத்துக்கு அந்தக் காலத்தவர் எந்த அரசியல் மதிப்பும் தரவில்லை என்பவர்கள், அமெரிக்கர்கள் ஆயுதம் வைத்திருப்பதை மேடிசன் ஒரு அனுகூலமாகவே சொல்லும் இடத்தைத் தாண்டிப் போக முடியாது. 'அரசு பிடிக்கவில்லையா, துப்பாக்கியைத் தூக்கு என்றார் மேடிசன்' என்பவர்கள், அந்தத் துப்பாக்கிக்கு மேலே மாநில அரசு என்ற ஓர் அமைப்பு கட்டாயம் இருப்பதைப் பார்க்காமல் விடுகிறார்கள். பப்ளியஸுக்கு மக்களிடம் துப்பாக்கி இருப்பது வாதிட வேண்டிய கொள்கையே அல்ல, கண்முன்னால் இருக்கும் நிலவரம். அதை வைத்துக்கொண்டு வேறு எதையோ நிரூபிக்கிறார்: இந்த அரசியலமைப்பைக் கண்டு பயப்படாதீர்கள், ஓட்டுப் போடுங்கள்.

கட்டுரையில் எழுதியது நடைமுறையில் எப்படி இருந்தது என்பதற்கு ஒரு காட்சி. 1794-ல் மேற்குப் பென்சில்வேனியாவில் விஸ்கி மீது போட்ட வரியை எதிர்த்து விவசாயிகள் ஆயுதத்தோடு கிளம்பினார்கள். அந்த வரியைக் கொண்டுவந்தவர் நிதியமைச்சராக இருந்த ஹாமில்டன். குடியரசுத் தலைவர் வாஷிங்டன், ஏறக்குறைய பதின்மூன்றாயிரம் பேர் கொண்ட மிலிஷியாவை அழைத்து அதை அடக்கினார். ஹாமில்டனும் படையோடு போனார். சுதந்திரத்தின் காவலனாகப் பேசப்பட்ட மிலிஷியா, புதிய அரசியலமைப்பின் கீழ் வரி கட்டாதவர்களை அடக்கத்தான் முதலில் பெரிய அளவில் புறப்பட்டது.

அரசியலமைப்பை எதிர்த்துத் தோற்றவர்கள் எழுதியதையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். என்னைக் கேட்டால், துப்பாக்கி உரிமைக்கு நேரடி ஆதாரம் வேண்டுமென்றால் பப்ளியஸைவிட இவர்களிடம் போவதே மேல். பென்சில்வேனியா மாநாட்டில் சிறுபான்மையாகப் போனவர்கள் 1787 டிசம்பரில் தங்கள் மறுப்பை அச்சிட்டார்கள். தங்களையும் தங்கள் மாநிலத்தையும் காத்துக்கொள்ள, அல்லது வேட்டையாட, ஆயுதம் ஏந்தும் உரிமை மக்களுக்கு உண்டு. குற்றம் செய்தவர்கள், பொதுமக்களுக்கு உண்மையான ஆபத்தாக இருப்பவர்கள் தவிர யாருடைய ஆயுதத்தையும் பறிக்கச் சட்டம் போடக் கூடாது என்று அதில் கேட்டார்கள். தற்காப்பு, வேட்டை, விதிவிலக்கு எல்லாம் பளிச்சென்று இருக்கிறது. இவர்களைப் போன்றவர்கள் போட்ட சத்தத்தால்தான், தேவையில்லை என்று சொன்ன அணியைச் சேர்ந்த மேடிசனே உரிமைகள் சாசனத்தை எழுத வேண்டிவந்தது.

மேடிசனின் வரைவில், மதக் காரணத்தால் ஆயுதம் ஏந்த மனம் ஒப்பாதவரைப் படையில் சேரக் கட்டாயப்படுத்தக் கூடாது என்ற பகுதியும் இருந்தது. பிறகு அது கழிந்துபோனது. 1791 டிசம்பர் 15 அன்று ஏற்கப்பட்ட இறுதி வடிவம் ஆங்கிலத்தில் 27 சொற்கள். தமிழில் இப்படிச் சொல்லலாம்: "நன்கு ஒழுங்குபடுத்தப்பட்ட மிலிஷியா ஒரு சுதந்திர அரசின் பாதுகாப்புக்குத் தேவையாதலால், ஆயுதங்களை வைத்திருக்கவும் ஏந்தவும் மக்களுக்கு உள்ள உரிமை மீறப்படலாகாது."

இதைத் தமிழாக்கிப் பார்க்கும்போது ஒரு வேடிக்கை. மூலத்தில் முதல் பாதி 'பீயிங்' என்ற சொல்லில் தொங்கிக்கொண்டிருக்கிறது. அது காரணமா, நிபந்தனையா, வெறும் முன்னுரையா என்று அந்தச் சொல் காட்டிக்கொடுப்பதில்லை. தமிழில் அப்படித் தொங்கவிட வழியில்லை. 'தேவையாதலால்' என்றால் காரணம் சொன்னதாகிவிடும். 'தேவையாக இருக்கும்வரை' என்றால் நிபந்தனை ஆகிவிடும். மொழிபெயர்க்கிறவர் ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தே தீர வேண்டும். 2008-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் செய்ததும் கிட்டத்தட்ட அதுதான்.

அதற்கு முன்னால் ஒரு சின்ன நிறுத்தம். 1939-ல் மில்லர் வழக்கு என்று ஒன்று. குழாயை அறுத்துக் குட்டையாக்கிய ஷாட்கன்னைப் பதிவு செய்யாமல் மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோனதாகக் குற்றச்சாட்டு. அந்தத் துப்பாக்கிக்கும் மிலிஷியாவுக்கும் சம்பந்தம் இருப்பதாக யாரும் காட்டவில்லை என்று சொல்லி, இரண்டாவது திருத்தத்தை வைத்துச் செய்த வாதத்தை நீதிமன்றம் தள்ளிவிட்டது. குற்றம் சாட்டப்பட்ட மில்லர் தரப்பு வக்கீல் வரவே இல்லை. தீர்ப்பு வருவதற்குள் மில்லரை யாரோ சுட்டுக் கொன்றிருந்தார்கள். இவ்வளவு அரைகுறையாக வாதாடப்பட்ட வழக்கு கிட்டத்தட்ட 70 வருஷம் கடைசி வார்த்தையாக நின்றது.

2008-ல் ஹெல்லர் வழக்கு. டிக் ஹெல்லர் வாஷிங்டன் நகரில் காவல் பணியில் இருந்தவர். வேலை நேரத்தில் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம், வீட்டில் வைத்துக்கொள்ள மட்டும் நகரச் சட்டம் விடவில்லை. 5-க்கு 4 என்ற கணக்கில் அவர் ஜெயித்தார். தீர்ப்பை எழுதிய நீதிபதி ஸ்காலியா, மிலிஷியா பற்றிய முதல் பாதி முன்னுரை மட்டுமே, உரிமை தனிமனிதருக்கு உரியது என்றார். மிலிஷியா என்பது அரசு அமைத்த படை அல்ல, உடல் தகுதியுள்ள எல்லா ஆண்களும்தான் என்று காட்ட, மேடிசனின் அந்த 'ஐந்து லட்சம் பேர்' வரியையும் எடுத்தார். மறுப்பு எழுதிய நீதிபதி ஸ்டீவன்ஸ் வேறு வழியாக வந்தார். பென்சில்வேனியாக்காரர்கள் வேட்டையையும் தற்காப்பையும் வெளிப்படையாக எழுதிக் கொடுத்திருந்தும் மேடிசன் அதைத் திருத்தத்தில் சேர்க்கவில்லையே, அது தெரிந்தே விட்டதல்லவா என்று கேட்டார். அதே மறுப்பறிக்கையை ஸ்காலியா, அந்தக் காலத்தில் செல்வாக்கோடு இருந்த கருத்துக்குச் சாட்சியாக வைக்கிறார்.

இதைவிட எனக்குப் பிடித்தது 1997-ன் பிரின்ட்ஸ் வழக்கு. துப்பாக்கி வாங்குபவரின் பின்னணியை உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரீஃப் விசாரிக்க வேண்டும் என்று மத்தியச் சட்டம் சொன்னது. மான்டானா மாநிலத்தின் ஒரு ஷெரீஃப் முடியாது என்றார். இங்கே இரண்டாவது திருத்தம் பெரிய பேச்சே இல்லை. மாநில அதிகாரியை மத்திய அரசு வேலை வாங்கலாமா என்பதுதான் கேள்வி. நீதிபதி சூட்டர், இந்த வழக்கில் தன் முடிவைக் கடைசியாகத் தீர்மானித்தது ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளே என்று எழுதி, ஹாமில்டனின் 27-வது கட்டுரையை வைத்து 'வாங்கலாம்' என்றார். ஸ்காலியா, ஹாமில்டன் மத்திய அதிகாரத்தை எல்லாரையும்விட அகலமாகப் பார்த்தவர், மேடிசனைப் பாருங்கள் என்று மறுத்தார். 5-க்கு 4, ஷெரீஃப் பக்கம். ஒரே புனைபெயருக்குப் பின்னால் இருந்த இரண்டு பேரை, 200 வருஷம் கழித்து ஆளுக்கொரு பக்கம் நிறுத்திச் சண்டை போட்டுக்கொண்டார்கள்.

2022-ல் வந்த புரூயன் தீர்ப்புக்குப் பிறகு இந்தப் பழைய தாள்களின் எடை இன்னும் கூடியது. வெளியில் கைத்துப்பாக்கி கொண்டுபோகத் தகுந்த காரணம் காட்டச் சொன்ன நியூயார்க் சட்டத்தை அந்தத் தீர்ப்பு ரத்து செய்தது. கூடவே, இனி எந்தத் துப்பாக்கிக் கட்டுப்பாடும் நாட்டின் வரலாற்று மரபோடு ஒத்துப்போக வேண்டும் என்றது. உடனே வழக்கறிஞர்கள் ஆவணக் காப்பகங்களுக்குள் இறங்கினார்கள். 18-ஆம் நூற்றாண்டில் குடும்ப வன்முறைக்காகத் துப்பாக்கியைப் பறிக்கும் சட்டம் இருந்ததா என்றெல்லாம் தேட வேண்டியதாயிற்று. அது 2024-ல் ரஹீமி வழக்கில் வந்து நின்றது. அச்சு அசலாக அதே சட்டம் அன்று இருந்திருக்க வேண்டியதில்லை, கொள்கை ஒத்துப்போனால் போதும் என்று குடும்ப வன்முறைக்காக நீதிமன்றத் தடையுத்தரவு உள்ளவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்ற சட்டத்தை 8-க்கு 1 வாக்கில் ஏற்றார்கள். அந்த ஒரு எதிர்ப்பு, புரூயன் தீர்ப்பை எழுதிய நீதிபதி தாமஸ் உடையது. ஏற்றவர்களிலும் ஐந்து பேர், வரலாற்றை எப்படிப் படிக்க வேண்டும் என்று தனித்தனியாக எழுதினார்கள்.

புரூயன் தீர்ப்பு சுட்டும் ஃபெடரலிஸ்ட் கட்டுரைகளில் 37-வதும் ஒன்று. அதுவும் மேடிசன் எழுதியது, அதே 1788 ஜனவரியில். துப்பாக்கி பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எவ்வளவு திறமையாக எழுதினாலும் புதிய சட்டம் எல்லாமே ஓரளவு மங்கலாகத்தான் இருக்கும், விவாதித்து விவாதித்து, தீர்ப்புகள் வந்து வந்துதான் அதன் பொருள் தெளியும் என்கிறார். இன்னும் ஒரு படி போய், கடவுளே மனிதரிடம் மனித மொழியில் பேசினாலும், அந்த மொழியின் மேகமூட்டத்தில் அவர் சொல்வதும் மங்கிச் சந்தேகத்துக்கு இடமாகிவிடும் என்றும் எழுதியிருக்கிறார். 27 சொற்களை எழுதுவதற்கு அவருக்கு அப்போது இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது.